மடியில் கனமில்லை, ஆனாலும் கேள்வி உண்டு!



"கைநாட்டு" என்று ஒரு சொல் நம்மிடையே உண்டு. எழுதப் படிக்கத் தெரியாதவனை ஏளனம் செய்ய வந்த சொல் அது. நீட்டிய தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று அறியாமலே, பெருவிரலை மையில் தோய்த்து அழுத்திவிட்டுக் கப்பலேறி வந்தவர்கள் நம் பாட்டன்மார். அந்த இழிவு அவர்களோடு தொலையட்டும் என்றுதான் தோட்டந்தோறும் தமிழ்ப் பள்ளி கேட்டோம். பிள்ளைகள் படித்தார்கள், கையெழுத்துப் போட்டார்கள். இன்று அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகள் தொழிற்கல்விச் சான்றிதழோடு துறைமுகத்திலும், விமான நிலையத்திலும், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையிலும், காவல் வேலையிலும் இடம் கேட்டு நிற்கிறார்கள். அங்கே அவர்களுக்குக் கிடைக்கும் பதில் என்ன? "கையெழுத்துப் போதாது, விரலை நீட்டு" என்கிறான் ஒருவன். "உன் பூர்வோத்தரத்தை விசாரித்த பிறகு பார்க்கலாம்" என்கிறான் மற்றொருவன்.

கைநாட்டு திரும்பி வந்திருக்கிறது! படிக்காதவனுக்கு அல்ல, படித்தவனுக்கே வந்திருக்கிறது.

முதலிலேயே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். வெடிமருந்துக் கிடங்கின் சாவியை முகம் தெரியாதவன் கையில் கொடு என்று எந்தத் தொழிற்சங்கமும் கேட்காது. விமானம் விழுந்தால் முதலில் சாவது அதில் வேலை செய்பவன். ஆலை வெடித்தால் முதலில் கருகுவது அதனுள்ளே நிற்கும் தொழிலாளி. ஆகவே பாதுகாப்பு என்பது முதலாளிக்கு மட்டும் உரிய அக்கறை அல்ல. அவரைவிட நமக்கே அதிக அக்கறை. நாம் கேட்பது வேறு. விரல்ரேகை எதைச் சொல்லும்? எதைச் சொல்லாது? சொல்லாததையும் சொன்னதாக வைத்துக்கொண்டு ஒருவனுடைய சோற்றில் மண்ணைப் போடுகிறவர் யார்? அவரைக் கேள்வி கேட்பது யார்?

ரேகை, இவன் இன்னான் என்று சொல்லும். இவன் எப்படிப்பட்டவன் என்று சொல்லாது. முதலாவது அடையாளம், இரண்டாவது தீர்ப்பு. அடையாளம் கேட்கிறோம் என்று சொல்லி விரலை வாங்கிக்கொண்டு, கதவைச் சாத்திக்கொண்டு தீர்ப்பு எழுதுகிறார்களே, அந்தச் சூதைத்தான் நாம் எதிர்க்கிறோம்.

"மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் பயம் ஏன்?" என்று கேட்கிறார்கள். நல்ல பழமொழிதான். மடியில் கனமில்லை, எங்களுக்குப் பயமும் இல்லை. ஆனால் மடியைத் தடவுகிறவன் கை சுத்தமானதா என்று கேட்க எங்களுக்கு உரிமை இல்லையா? தடவுகிற சாக்கில் அவனே எதையாவது செருகிவிட்டுப் போனால் அதைக் காட்டிக் கொடுக்கச் சாட்சி யார்?

இந்த விரல்ரேகை எங்கே பிறந்தது என்று பாருங்கள். திருடனைப் பிடிக்கப் பிறந்தது என்றே பலரும் எண்ணுகிறோம். இல்லை! 1858ஆம் ஆண்டு வங்காளத்து ஜங்கிப்பூரில் வில்லியம் ஹெர்ஷல் என்னும் வெள்ளை அதிகாரி, சாலை போடும் பொருள் சப்ளை செய்ய ஒப்புக்கொண்ட ஓர் உள்ளூர்க்காரரின் கையை மையில் தோய்த்து ஒப்பந்தத்தின் மேல் பதித்தார். பிற்பாடு அவர் "இது என் கையெழுத்தல்ல" என்று மறுக்காதிருக்க, அச்சுறுத்தவே அப்படிச் செய்தார். அந்த மனிதர் எந்தக் குற்றமும் செய்தவரல்ல. கறுப்பனின் சொல்லை நம்ப முடியாது என்ற எண்ணத்தில் தொடங்கியது இந்த வழக்கம்.

1897இல் கல்கத்தாவில் ரேகைப் பதிவு அலுவலகமே ஏற்பட்டது. பல்லாயிரம் ரேகைகளை வகைப்படுத்தித் தேடியெடுக்கும் முறையைக் கணக்குப் போட்டு உருவாக்கியதில் பெரும் பங்கு அஜிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்னும் இரு இந்திய ஊழியர்களுக்கு உரியது. முறைக்கு வைக்கப்பட்ட பெயரோ மேலதிகாரி எட்வர்ட் ஹென்றியின் பெயர்! உழைத்தவன் ஒருவன், பெயர் துரைக்கு. தோட்டத்து ஆபீசில் பேனா பிடிக்கும் என் போன்ற கிராணிகளுக்கு இந்தக் கதை புதிதல்ல.

அடுத்து அது போன இடம் தென்னாப்பிரிக்கா. 1906ஆம் ஆண்டு டிரான்ஸ்வாலில் ஆசியர் அனைவரும் விரல்ரேகை கொடுத்துப் பதிந்துகொள்ள வேண்டும், கேட்டபோதெல்லாம் போலீஸ்காரனிடம் அந்தச் சீட்டைக் காட்ட வேண்டும் என்று சட்டம் வகுத்தார்கள். காந்தியார் தலைமையில் இந்தியர் மறுத்தார்கள். தம்பி நாயுடுவும் எண்ணற்ற தமிழர்களும் சிறை சென்றார்கள். 1908 ஆகஸ்டு 16ஆம் நாள் ஜோகன்னஸ்பர்க் பள்ளிவாசல் முன்றிலில் சுமார் 2,000 பதிவுச் சீட்டுகள் தீயில் பொசுங்கின. ஒன்றைக் கவனியுங்கள். அதே ஆண்டுத் தொடக்கத்தில் காந்தியார் தாமாகவே விரல்ரேகை கொடுக்க ஒப்புக்கொண்டவர்! விரலில் மை படுவதல்ல அவருடைய பிரச்சினை. ஓர் இனத்தையே குற்றவாளிக் கூட்டமாக எண்ணிக் கட்டாயப்படுத்துவதுதான் பிரச்சினை. அன்று அவர் கண்ட வேற்றுமையைத்தான் இன்று நாமும் சொல்கிறோம்.

நம் உறவினர் வாழும் இலங்கைத் தோட்டங்களில் "துண்டு" என்று ஒன்று இருந்தது. ஒரு தோட்டத்தை விட்டு மறு தோட்டம் போகும் தொழிலாளிக்கு இவ்வளவு கடன், அதைக் கட்டினால் விடுகிறேன் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. துண்டு இல்லாதவனுக்கு வேலை இல்லை. தன் வாழ்வையே கட்டிப்போடும் அந்தத் துண்டில் என்ன எழுதியிருக்கிறது என்று எழுத்தறியாத அந்தத் தொழிலாளி கண்டானா? அதை மறுத்துப் பேச அவனுக்கு இடம் இருந்ததா? 1921இல் அது சட்டப்படி ஒழிந்தது. ஒழிந்துவிட்ட துண்டு இன்று கம்ப்யூட்டருக்குள் புகுந்துகொண்டு "பின்னணி விசாரணை" என்ற புதுப்பெயரோடு உலவுகிறது.

நம் மலாயா மண்ணிலே நடந்ததை மறந்துவிட்டோமா? 1948 ஜூனில் அவசரகாலம் பிரகடனம் செய்யப்பட்டது. பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவருக்கும் புகைப்படமும் பெருவிரல் ரேகையும் கொண்ட அடையாள அட்டை வந்தது. அதே வேளையில் தொழிற்சங்கச் சட்டத்தையும் திருத்தினார்கள். அந்தத் தொழிலில் மூன்றாண்டு அனுபவம் இல்லாதவர் சங்க நிர்வாகியாகக் கூடாது. மிரட்டிப் பணம் பறித்தல், அச்சுறுத்தல் போன்ற குற்றங்களுக்குத் தண்டனை பெற்றவர் எந்தப் பொறுப்பிலும் அமரக் கூடாது. கேட்பதற்கு நியாயமாக இருக்கிறதல்லவா? ஆனால் வேலை நிறுத்தத்தில் முன்னின்று கருங்காலிகளைத் தடுத்தவன்மேல் எந்தக் குற்றத்தைச் சாட்டுவது வழக்கம்? "அச்சுறுத்தல்" தானே! "யோக்கியதை பார்க்கிறோம்" என்று தொடங்கியது சங்கத்தின் தலையைக் கிள்ளுவதில் முடிந்தது.

பழங்கதை போதும், அண்மைக்கு வருவோம். அமெரிக்காவில் 2001ஆம் ஆண்டுத் தாக்குதலுக்குப் பிறகு, 2002இல் துறைமுகப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2007 முதல் துறைமுகத் தொழிலாளர்கள், லாரி ஓட்டுநர்கள், கப்பல் மாலுமிகள் ஆகியோர் விரல்ரேகை கொடுத்து, பழைய குற்றப் பதிவுகளைச் சோதிக்கவிட்டு, அதன் பிறகே வேலை அட்டை பெற வேண்டும் என்று ஆயிற்று. தொடக்கத்தில் கட்டணம் 132 டாலர் 50 சென்ட். தன்னைச் சந்தேகிப்பதற்குத் தொழிலாளியே கூலி கொடுக்க வேண்டும்! மூன்று கேடுகளை அங்கே கண்டார்கள்.

முதற்கேடு: பதிவேடே அரைகுறை. கைது செய்ததை எழுதியிருக்கும். விடுதலை ஆனதை எழுதியிருக்காது. அந்நாட்டு அட்டர்னி ஜெனரல் 2006இல் வெளியிட்ட அறிக்கையே, மத்தியப் பதிவேட்டில் ஏறக்குறையப் பாதியில் வழக்கின் முடிவு குறிக்கப்படவில்லை என்று ஒப்புக்கொண்டது. நீதிமன்றம் "நிரபராதி" என்று அனுப்பிவைத்தவனைப் பதிவேடு குற்றம் சாட்டப்பட்டவனாகவே வைத்திருக்கிறது. செக்ரோலில் வந்த நாளைப் பதிந்து, சம்பளம் கொடுத்ததைப் பதியாமல் விட்டால் அந்தக் கிராணியை என்ன செய்வோம்? இங்கே அதே பிழையைச் செய்தது ஒரு வல்லரசு!

இரண்டாம் கேடு: ரேகை நிபுணரே தவறுகிறார். 2004இல் ஸ்பெயின் நாட்டு மாட்ரிட் நகரில் ரயில்களில் குண்டு வெடித்தது. அங்கே கிடைத்த பை ஒன்றின்மேல் இருந்த ரேகை, ஓரிகன் மாநில வழக்கறிஞர் ஒருவருடையது என்று அமெரிக்க மத்திய புலனாய்வு நிபுணர்கள் அடித்துச் சொன்னார்கள். அவரை இரண்டு வாரம் அடைத்தும் வைத்தார்கள். அது வேறொருவருடைய ரேகை என்று ஸ்பெயின் போலீஸ் கண்டுபிடித்த பிறகு மன்னிப்புக் கேட்டு, 2006இல் 20 லட்சம் டாலர் நஷ்டஈடும் கொடுத்தார்கள். அவர் வழக்கறிஞர், வாதாடத் தெரிந்தவர். அவருக்கே இந்தக் கதி என்றால், லயத்துப் பிள்ளைக்கு என்ன கதி?

மூன்றாம் கேடு எல்லாவற்றிலும் வேடிக்கையானது. இத்தனை கெடுபிடிக்குப் பிறகு பாதுகாப்பாவது வந்ததா? 2011இல் அமெரிக்கப் பாராளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் தன் ஆட்களை மாறுவேடத்தில் அனுப்பிப் பார்த்தது. பொய்யான அடையாளத்தால் அட்டை வாங்கிக்கொண்டு அவர்கள் துறைமுகத்துக்குள்ளேயே போய்விட்டார்கள்! மோசக்காரன் உள்ளே, பத்து வருஷத்துக்கு முந்திய வழக்கின் முடிவைப் பதிவேட்டில் காட்ட முடியாத மூட்டை தூக்குபவன் வெளியே.

ஆயினும் ஒரு நல்லதையும் சொல்ல வேண்டும். எந்தெந்தக் குற்றத்துக்கு எத்தனை ஆண்டுத் தடை என்று அங்கே சட்டத்தில் வரையறை உண்டு. மறுக்கப்பட்டவன் மேல்முறையீடு செய்யலாம், விலக்கும் கோரலாம். அத்தகைய வழி இங்கே நம் பிள்ளைகளுக்கு உண்டா? "உங்கள் விண்ணப்பம் பரிசீலிக்கப்பட்டது, வருந்துகிறோம்" என்று இரண்டு வரி வந்தால் போதுமா?

இந்த இரண்டு வரிக்குப் பின்னால் என்னவெல்லாம் ஒளிந்திருக்கலாம் என்பதற்கு இங்கிலாந்தைப் பாருங்கள். 2009ஆம் ஆண்டு அங்கே தகவல் பாதுகாப்பு ஆணையரின் அதிகாரிகள் "கன்சல்டிங் அசோசியேஷன்" என்னும் ஓர் அலுவலகத்தைச் சோதனையிட்டார்கள். உள்ளே கிடைத்தவை 3,213 பேர்களைப் பற்றிய இரகசியக் குறிப்புகள். நாற்பதுக்கும் மேற்பட்ட கட்டுமானக் கம்பெனிகள் பணம் கொடுத்து அந்தக் குறிப்புகளைப் பார்த்து வந்தன. கொலைகாரன், கொள்ளைக்காரன் பட்டியலா அது? அல்ல! சங்கத்தில் சேர்ந்தவன், சாரம் ஆடுகிறது என்று முறையிட்டவன், வேலைத்தலப் பாதுகாப்புக்குப் பேசியவன், இவர்களின் பட்டியல். ஆண்டுக்கணக்காக வேலை தேடி அலைந்து, ஏன் கிடைக்கவில்லை என்றே அறியாமல் நொந்த குடும்பங்கள் எத்தனை! நடத்தியவருக்கு விதித்த அபராதம் 5,000 பவுன். 2016இல்தான் பெரிய கம்பெனிகள் நீதிமன்றத்தில் மன்னிப்புக் கேட்டு நஷ்டஈடு கொடுத்தன. பின்னணி விசாரணை என்ற கத்தி இருட்டில் யார் கழுத்தை நோக்கிப் போகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

"நம் நாட்டில் சட்டம் இருக்கிறதே" என்பார்கள். இருக்கிறது. 1967ஆம் ஆண்டுத் தொழில் உறவுச் சட்டத்தின் 5ஆவது பிரிவு, சங்க உறுப்பினர் என்பதற்காக ஒருவருக்கு வேலை மறுக்கக் கூடாது என்கிறது. அருமையான பிரிவு. ஆனால் காரணமே சொல்லாமல் மறுத்தால் எதை வைத்து வழக்காடுவது? பூட்டு நம் கையில், சாவி முதலாளி கையில்! 2010ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் கம்பெனிகளைக் கட்டுப்படுத்துகிறது. 2024இல் செய்த திருத்தம் விரல்ரேகை போன்ற உடல் அடையாளங்களையும் முக்கியத் தகவல் என்று ஏற்றுக்கொண்டது. வரவேற்கிறோம். ஆனால் அந்தச் சட்டம் மத்திய, மாநில அரசாங்கங்களுக்குப் பொருந்தாது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. விசாரிப்பது யார்? சர்க்கார் இலாகாக்கள்தானே! கம்பெனியின் அலமாரிக்குப் பூட்டுப் போட்டுவிட்டுச் சர்க்காரின் அலமாரியைத் திறந்து வைத்திருக்கிறார்கள்.

நம்மை மட்டும் நினைத்து இதைப் பேசுவது சுயநலம். நம்மோடு இன்று பால் வெட்டவும் செம்பனைக் குலை தள்ளவும் வந்திருக்கும் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் நாட்டுக்குள் கால் வைத்ததும் விரல் வைத்தவர்கள். 2011ஆம் ஆண்டுப் பதிவில் மட்டும் 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் விரல்ரேகை கொடுத்தார்கள். அவர்களுக்கு நடக்கும்போது, "அந்நியன்தானே" என்று நாம் வாயை மூடிக்கொண்டிருந்தோம். டிரான்ஸ்வாலில் நம்மவரைப் பற்றியும் "அந்நியன்தானே" என்றுதான் சொன்னார்கள். பக்கத்து நிரையில் தீப்பிடித்தால் நம் நிரைக்கு வர எத்தனை நேரமாகும்?

இன்னொன்று. பால்வெட்டுகிறவன் கை எப்படியிருக்கும்? உளி பிடித்துக் காய்த்த விரல். பாலும் ஆசிட்டும் பட்டுத் தேய்ந்த தோல். இந்தியாவில் ரேஷன் கடை இயந்திரத்தில் விரல் பதியாமல் கூலித் தொழிலாளிகள் வெறுங்கையோடு திரும்புவது நாடறிந்த செய்தி. உழைத்ததால் ரேகை தேய்ந்தவனைப் பார்த்து "உன்னை அடையாளம் தெரியவில்லை" என்கிறது இயந்திரம். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவனுக்குப் பத்து விரலும் பளிச்சென்று பதிகிறது!

ஆகவே வெறும் எதிர்ப்புச் சொல்லி நிறுத்தாமல், நம் சங்கம் முன்வைக்க வேண்டிய கோரிக்கைகளைக் கிளைதோறும் விவாதித்துத் தீர்மானமாக்குங்கள்:

1. எந்த வேலை பாதுகாப்புக்குரியது என்பதைச் சட்டம் பெயர் குறித்துச் சொல்ல வேண்டும். வெடிமருந்துக் கிடங்குக்கு உள்ள விதியைத் தோட்டம் பெருக்குகிறவனுக்கும் நீட்ட முதலாளிக்கு உரிமை கூடாது.

2. விசாரணைச் செலவு முழுவதும் வேலை கொடுப்பவருடையது. முடிவுக்கு நாள் கெடு வேண்டும். காத்திருக்கும் நாளில் பிள்ளை பட்டினி கிடக்கக் கூடாது.

3. மறுத்தால் காரணம் எழுத்தில் வேண்டும். பதிவேட்டைத் தொழிலாளிக்குக் காட்ட வேண்டும். சங்கப் பிரதிநிதியோடு வந்து மேல்முறையீடு செய்யும் உரிமை வேண்டும்.

4. கைது தண்டனையாகாது, தீர்ப்பு மட்டுமே கணக்கு. பழைய சிறு குற்றத்துக்கு ஓர் எல்லை வேண்டும். சிங்கப்பூரில் 2005இல் செய்த சட்டத் திருத்தப்படி, மூன்று மாதத்துக்கு மேற்படாத சிறையோ 2,000 வெள்ளிக்கு மேற்படாத அபராதமோ பெற்றவர், கொடுங்குற்றம் அல்லாதவிடத்து, ஐந்தாண்டு ஒழுங்காக வாழ்ந்தால் அந்தப் பதிவு செல்லாததாகிறது. அங்கே முடிவது இங்கே ஏன் முடியாது?

5. சங்க உறுப்பினர், வேலை நிறுத்தத்தில் கலந்தவர், முறையீடு செய்தவர் என்ற குறிப்பு எந்தக் கோப்பிலும் இருக்கக் கூடாது. வைத்திருப்பவருக்குத் தண்டனை வேண்டும்.

6. வேலை கிடைக்காதவரின் ரேகையையும் வேலையை விட்டவரின் ரேகையையும் கம்பெனிகள் அழிக்க வேண்டும். ரேகை பதியாதவருக்கு வேறு அடையாள வழி வேண்டும்.

இவற்றில் எது அநியாயம்? எது பாதுகாப்பைக் குலைக்கிறது? உண்மையான குற்றவாளியை எந்தக் கோரிக்கை தப்பவிடுகிறது? பதில் சொல்லட்டும்!

கிராணிகளுக்குத் தனியே ஒரு வார்த்தை. விண்ணப்பத் தாளை நிரப்பித் தரச் சொல்லிப் பிள்ளைகள் நம்மிடம்தான் வருகிறார்கள். அதன் அடியில் பொடி எழுத்தில், "என் விவரங்களை எவரிடமும் விசாரிக்கச் சம்மதிக்கிறேன்" என்று எழுதியிருந்தால், கையெழுத்துக்கு முன் அதை உரக்கப் படித்துப் பொருள் சொல்லுங்கள். ஒரு நகல் எடுத்துக் கொடுங்கள். மறுப்புக் கடிதம் வந்தால் கிழித்தெறிய விடாதீர்கள். கிளைச் செயலாளரிடம் சேர்ப்பியுங்கள். ஒரு கடிதம் ஒருவனுடைய துரதிர்ஷ்டம். நூறு கடிதங்கள் ஒரே கோப்பில் சேர்ந்தால் அது வழக்கு!

நம் பாட்டன் படிக்கத் தெரியாமல் விரலை அழுத்தினான். அவனைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை. படித்த நாம், படிக்காமலே அழுத்தினால், நாளை நம் பேரன் நம்மைக் குறை சொல்வான். விரலைக் கேட்கிறவர்கள் முதலில் சட்டத்தைக் காட்டட்டும், காரணத்தைக் காட்டட்டும், பதிவேட்டைக் காட்டட்டும். அதன் பின் விரலைக் காட்டுவோம். அதுவரை, பத்து விரலும் சேர்ந்தால் ஒரு கையல்ல, இரண்டு கைகள் என்பதையும், அப்படிப்பட்ட கைகள் பல்லாயிரம் சேர்ந்ததே சங்கம் என்பதையும் அவர்களுக்கு நினைவூட்டுவோம்.

ஒன்றுபடுவீர்! கேள்வி கேட்பீர்!